சேலை நடுவில் விட்ட பீடி

பீடியை விடுவதற்கு எங்கள் தொழிலில் எத்தனையோ நல்ல நேரம் உண்டு. ஆடி மாதம் விடலாம். கல்யாணம் கிடையாது, பட்டுச் சேலை கேட்க ஆள் இருக்காது. அமாவாசையன்று விடலாம், அன்று காஞ்சிபுரத்தில் ஒரு தறியும் ஓடாது. அட, நெய்துகொண்டிருக்கும் சேலையை அறுத்து இறக்கிவிட்டு, அடுத்ததைத் தொடங்கும் முன்னாலாவது விடலாம். நான் விட்டது ஒரு முகூர்த்தச் சேலையின் நடுவில், பாதி நெய்து பாதி பாக்கி இருக்கும்போது. மூளை உள்ள நெசவாளி எவனும் அந்தக் காரியத்தைச் செய்யமாட்டான்.

சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் வரைந்து குடும்பக் கட்டுப்பாடு பேசிய காலம் அது. பிள்ளை போதும் என்று ஊரெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். எங்களுக்கு ஒன்றுகூடத் தங்கவில்லை. முதலாவது ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அடுத்த வருஷம் ஒரு ஆண் பிறந்து ஒரே ஒரு பகல் இருந்தது. அதற்கும் அடுத்த வருஷம் என் மனைவி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். அந்தச் செய்தியை அவள் என்னிடம் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டதாக நினைவில்லை. எழுந்து தெருவுக்குப் போய் ஒரு பீடி பற்றவைத்ததுதான் நினைவிருக்கிறது.

எங்கள் வேலை இருவர் சேர்ந்து செய்வது. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் கோர்வைச் சேலையை ஒருவனால் தனியாக நெய்ய முடியாது. நான் நடுவில் உட்கார்ந்து மிதித்து, குறுக்கிழை ஓட்டும் நாடாவை எறிந்து, பலகையை இழுத்து அடிப்பேன். ஒரு பக்கத்துக் கரைக்கு மட்டும் தனி நாடா. அதை எறிய என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முழங்கை முழங்கையோடு உரசும் தூரம். பட்டு இருக்கும் அறையில் பீடி பற்றவைக்க முடியாது, ஒரு பொறி விழுந்தால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் அத்தனையும் போயிற்று. ஆகவே புகைக்க வேண்டுமானால் தெருவுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். சும்மா எழுந்து போனால் சோம்பேறி என்பார்கள். பீடிக்கு எழுந்து போனால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் எழுந்தால்தான் அவளும் எழுந்து உலையைப் பார்க்க முடியும். எங்கள் வீட்டில் நாள் முழுவதும் பீடியை வைத்துத்தான் நகர்ந்தது.

இந்த மூன்றாவது பிள்ளை வயிற்றில் வந்ததும் அவளுக்குப் பீடி நாற்றம் ஆகாமல் போயிற்று. நான் தெருவிலிருந்து திரும்பி வந்து தறிக் குழியில் காலை விட்டால், அவள் நாடாவைப் போட்டுவிட்டுப் புழக்கடைக்கு ஓடுவாள். வாந்தி எடுத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். அடுத்த பீடிக்கு மறுபடியும் ஓட்டம். நானும் வாயைக் கொப்பளித்தேன், ஏலக்காய் மென்றேன், ஒன்றும் பலிக்கவில்லை.

தாமலிலிருந்து மாமியார் வந்து இறங்கியது இந்தக் கூத்தின் நடுவில்தான். அவர்களும் நெசவுக் குடும்பம்தான். பெரிய ஏரிக்குக் கீழே இருக்கிறது அந்த ஊர். ஒரு முன்பகல் முழுக்க மூலையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள இது? நீங்க உள்ள வந்தா இவ வெளிய ஓடறா."

"வாய கொப்ளிச்சிட்டுத்தான் வரேன் அத்தை."

"வாயி மட்டுமா நாறுது? சட்ட நாறுது, தல நாறுது, வெரலு நாறுது. ரெண்டு புள்ளய வாரிக் குடுத்துட்டு நிக்கறோம். இதுவாவுது தங்கணுமா வேணாமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அப்ப, என் பீடிதான் ரெண்டையும் கொன்னுச்சா?" என்று கத்தினேன். அடுத்த வீட்டுத் தறிச் சத்தம்கூட நின்றுபோனது. என் மனைவி தலையைத் தூக்காமல் பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியாது மாப்ள. யாருக்குத்தான் தெரியும்? ஆனா விட்டுப் பாக்கறதுக்குன்னு நம்ம கையில இருக்கறது அது ஒண்ணுதான்" என்றார்.

அன்று சாயங்காலமே தெருக்கோடி அம்மன் கோயிலில் தட்டில் கற்பூரத்தை ஏற்றி என் முன்னால் நீட்டினார்கள். பிள்ளை பிறந்து என் கையில் வாங்குகிற வரைக்கும் பீடியைத் தொடமாட்டேன் என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். சத்தியத்தை மீறினால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. "சேல நடுவுல இருக்குதே அத்தை, முடிச்சிட்டு விடறேனே" என்று கோயிலுக்குப் போகும் வழியில் கெஞ்சிப் பார்த்தேன். "சேல போனா இன்னொரு சேல" என்றார். 

முதல் சில நாட்கள் வெறும் உடம்புத் தொல்லைதான். கை சட்டைப் பைக்குப் போகும், வெறுங்கையாகத் திரும்பும். வறுத்த புளியங்கொட்டையை வாயில் அடக்கிக்கொண்டேன். கிராம்பு, பாக்கு, கடைசியில் விளக்குமாற்றுக் குச்சியைக்கூடக் கடித்திருக்கிறேன். எரிந்து எரிந்து விழுந்தேன். குழம்பில் உப்பு சரியாக இருந்தால், ஏன் சரியாக இருக்கிறது என்று சண்டை. இதெல்லாம் இருக்கும் என்று தெருவில் எல்லோரும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு அது வந்தது. அதற்கு என்ன பேர் என்று அப்போது எனக்குத் தெரியாது, படபடப்பு என்றுதான் சொல்லிக்கொண்டேன். தறியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை வேர்க்கும். பட்டில் வேர்வை படக்கூடாது என்று வேட்டியில் துடைத்துத் துடைத்து வேட்டி கசங்கிப்போகும். ஏதோ நடக்கப்போகிறது, இதோ இப்போதே நடக்கப்போகிறது என்று இருக்கும். தெருவில் யாராவது வேகமாக நடந்தால் எனக்குத்தான் கெட்ட சேதி கொண்டுவருகிறார்கள் என்று தோன்றும். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் உயிர் ஒருமுறை போய்விட்டுத் திரும்பும். அவரோ எதிர்வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்திருப்பார்.

என் மனைவி எதுவும் ஆகாதவள் போல இருந்தாள். சமைத்தாள், துவைத்தாள், நாடா எறிந்தாள். பயம் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. இவளுக்கு மட்டும் எப்படி இப்படி ஒரு கல் நெஞ்சு என்று உள்ளுக்குள் பொருமியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கு பேசும் நெசவாளி, என்னைவிடப் பெரியவர். மலைக்கு மாலை போட்டபோது பீடியை விட்டுப் பார்த்த அனுபவசாலி. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அது பீடி கேக்குதுபா. வேற ஒண்ணும் இல்ல. எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு. மாலய கழட்டினதும் ஒரு பீடி இழுத்தேன் பாரு, அப்டியே அடங்கிப் பூடுச்சு."

"அடங்கிடுமா அண்ணா?"

"ஒரே இழுப்பு. நீ வேணா பாரேன்."

தர்மாஸ்பத்திரி டாக்டரும் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, பீடியை விட்டதால் நரம்பு கொஞ்சம் துள்ளுகிறது, பால் குடி என்றார். பாலுக்கு எங்கே போவது என்பது வேறு விஷயம். ஆனால் எனக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. இது பயம் இல்லை, பீடிதான். பிள்ளையைக் கையில் வாங்கிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தால் எல்லாம் முடிந்துவிடும். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும். இதையே நாளெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த முகூர்த்தச் சேலை முடிந்தது. அறுத்து மடித்து, பட்டும் பாவும் கொடுக்கும் முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே சேலை பார்ப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். முற்றத்து வெளிச்சத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க, அவர் சேலைக்கு அந்தப் பக்கம் நின்று சூரியனுக்கு நேராகப் பார்ப்பார். பார்த்தார். என்னையும் அந்தப் பக்கம் வரச் சொன்னார்.

நடுச்சேலையில் கோடு கிழித்ததுபோல் இருந்தது. கோட்டுக்கு ஒரு பக்கம் அரக்கு நிறம் சாதாரணமாக இருந்தது. மறுபக்கம் அதே பட்டு, அதே சாயம், ஆனால் இருண்டுபோய் அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. அங்கிருந்து முடிகிற வரைக்கும் பட்டை பட்டையாக, ஒரு இடம் இறுக்கம், ஒரு இடம் அதைவிட இறுக்கம். நெசவு என்றால் அடி ஒரே சீராக விழவேண்டும். பலகையை எவ்வளவு பலமாக இழுத்து அடிக்கிறோமோ அவ்வளவு நெருக்கமாக இழை படியும். படபடப்பு வந்த நேரமெல்லாம் நான் பலகையைப் போட்டு அடித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. நெய்யும்போது கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் துணிதான் தெரியும், மற்றது சுருண்டு மடிக்குக் கீழே போய்விடும்.

"பலகய ரெண்டு பேரு மாத்தி அடிச்சீங்களா?" என்று கேட்டார் அவர்.

எங்கள் ஆட்களைக் கேட்கக்கூடாத கேள்வி அது. கையை மாற்றி நெய்தாயா என்று கேட்பது திருட்டுப் பட்டம் கட்டுவதற்குச் சமம். பலகை அடித்தது நான் ஒருவன்தான் என்றேன். அவர் நம்பவில்லை. "பொண்ணு இத கட்டிக்கினு மணவறயில குந்தினா, பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க? பாதி சேல ஒட்டுப் போட்டதான்னு கேக்க மாட்டாங்க?" என்றார். பாதியில் பீடியை விட்டேன் என்று சொன்னேன். அங்கிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கணக்கெழுதுகிறவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வைகாசி முகூர்த்தத்துக்குள் வேறு சேலை நெய்து தரவேண்டும் என்று சொல்லிப் பாவைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அசையாமல் கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அடி மாறினது. பக்கத்துல குந்திக்கினு இருக்கறேன், காதுல விழாதா?"

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க."

அதுவும் சரிதான். கத்தியிருப்பேன்.

மறு சேலைக்கு அவளே ஒரு வழி சொன்னாள். ஒவ்வொரு முறை கரை நாடாவை எறிந்ததும் "ம்" என்பாள். அவள் "ம்" சொன்ன பிறகுதான் நான் பலகையை இழுக்கவேண்டும். இழுத்து அடித்ததும் அடுத்த "ம்" வரும் வரைக்கும் சும்மா இருக்கவேண்டும். கதை கேட்கிறவர்கள் "ம்" கொட்டுவதுபோலத்தான். முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது, எருமையை ஓட்டுவதுபோல் ஓட்டுகிறாளே என்று. இரண்டாவது நாள் பலகை தானாகவே நிதானத்துக்கு வந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்கவில்லை. ஆனால் அது பாட்டுக்கு அது, கை பாட்டுக்குக் கை என்று ஆயிற்று. அந்தச் சேலையை முற்றத்தில் பிடித்தபோது ஒரு பட்டைகூட விழவில்லை. சேலை பார்ப்பவர் இந்த முறை வெறுமனே தலையை ஆட்டினார்.

அதற்குள் ஐந்தாம் மாதம் வந்துவிட்டது. முதலாவது கலைந்த மாதம். நான் அவளை விட்டு அகலமாட்டேன் என்று ஆனேன். அவள் புழக்கடைக்குப் போனால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாளிச் சத்தம் கேட்கவேண்டும், தண்ணீர்ச் சத்தம் கேட்கவேண்டும். ஒரு நாள் வெகு நேரம் எந்தச் சத்தமும் இல்லை. குழியிலிருந்து எழுந்து ஓடினதில் கால் தட்டி, பட்டு சுற்றி வைத்த கூடை உருண்டது. அவள் துவைக்கிற கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றிருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. மூச்சு வாங்குச்சு, நின்னேன்."

"சத்தம் குடுக்கறதுக்கு இன்னா?"

"நிக்கறதுக்குமா சத்தம் குடுப்பாங்க?" என்றாள். சிரிக்கிற மாதிரி சொன்னாலும் அவள் சிரிக்கவில்லை. அந்த மாதம் போனது. பிள்ளை வயிற்றில் தங்கியது.

ஏழாம் மாதம் வளையல் அடுக்கி மாமியார் அவளைத் தாமலுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. கோர்வை நெய்ய முடியாது என்று முதலாளியிடம் சொல்லி, தனி ஆளாக நெய்யக்கூடிய சாதாரணக் கரைச் சேலைக்குப் பாவு வாங்கிக்கொண்டேன். வீட்டில் நானும் தறியும்தான். அவள் போன பிறகு படபடப்பு அதிகமாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. கொஞ்ச நாளில் அது வேறு ஒன்றாக மாறிப்போயிற்று. குழியில் வெகு நேரம் காலைத் தொங்கவிட்டிருந்தால் மரத்துப்போகுமே, தட்டினால் தெரியாது, கிள்ளினால் தெரியாது, கால் அங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அப்படி நானே மரத்துப்போனேன். சாப்பிட்டேன், ருசி தெரியாது. வைகாசி கருடசேவைக்கு ஊரே ராத்திரியோடு எழுந்து குளித்துத் தெருவில் நிற்க, நானும் போய் நின்றேன். தேங்காய் உடைகிறது, கூட்டம் கையைத் தூக்குகிறது, நானும் தூக்கினேன். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. வேண்டிக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உறைத்தும் ஒன்றும் செய்யவில்லை.

அமாவாசை வந்தால் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாமலுக்குப் போவேன். மாமியார் வீட்டுக்குப் போகமாட்டேன். அடிக்கடி போனால் ஊர் சிரிக்கும், மாமியாரும் வைவார். ஏரிக்கரை மேல் ஏறி நின்றால் அவர்கள் தெரு தெரியும், வீட்டு ஓடு தெரியும், வாசல் தெரியும். வாசலில் கூட்டம் இல்லையென்றால் எல்லாம் நலம். கெட்டது நடந்த வீட்டு வாசலில் கூட்டம் இருக்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சும்மா கிடக்கும் வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

மதகுப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒரு முறை கேட்டே விட்டார். "யாருபா நீ? போன அமாவாசைக்கும் இங்கதான வந்து நின்னுக்கினு இருந்த?"

"ஏரி பாக்க வந்தேன்" என்றேன்.

"ஏரி அந்தப் பக்கம் இருக்குது" என்று என் முதுகுப் பக்கம் கையைக் காட்டினார்.

அவர் காட்டிய பக்கம் திரும்பி ஏரியைப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது.

அடுத்த முறை போனபோது வாசலில் கூட்டம் இருந்தது. பெண்கள் ஏழெட்டுப் பேர், நடுவில் யாரோ குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், புகை வருகிறது. சைக்கிளைக் கரை மேலேயே போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினேன். முள்ளில் வேட்டி கிழிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் உலை போட்டு உட்கார்ந்திருக்கிறார். தெருப்பெண்கள் அண்டா குண்டாவோடு சுற்றி நிற்கிறார்கள். என் மனைவி வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு சொம்பைக் கையில் வைத்திருந்தாள்.

"இன்னாங்க இது, வேட்டி?" என்றாள்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பீடிய விட்டதுல மாப்ளக்கி மூள கலங்கிப் பூடுச்சுடி" என்று சொல்லி மோர் கொடுத்தார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். குடித்துவிட்டு, கிழிந்த வேட்டியோடு ஊர் திரும்பினேன்.

பிள்ளை பிறந்த சேதி ஒரு காலை வேளையில் வந்தது. என் மனைவியின் அண்ணன் சைக்கிளில் வந்து வாசலில் காலை ஊன்றி, "மாப்ள, பொண்ணு! ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க" என்று கூவினார்.

"மூச்சு விடுதா?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்வி இது! ஊரே காது செவுடாவுற மாதிரி கத்துது."

பக்கத்து வீட்டு அண்ணி ஓடிவந்து என் வாயில் சர்க்கரையைப் போட்டார். இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான். பாவின் மேல் துணியைப் போர்த்தி மூடினேன். முகம் கழுவினேன், சட்டை போட்டேன், கதவைப் பூட்டினேன். ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்தேன். அழுகை வரும், சிரிப்பு வரும், ஏதாவது வரும் என்று தாமல் போய்ச்சேரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். மச்சான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். ஒன்றும் வரவில்லை.

மாமியார் குழந்தையைப் பழைய சேலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "வாங்கிக்குங்க மாப்ள. சத்தியம் தீந்துச்சு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் குழந்தையைப் பார்த்தேன். சிவந்த முகம், மூடிய கண், இறுக்கின கை. கனமே இல்லை. அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுதி வைத்ததைப் படிப்பதுபோல்தான் நினைத்தேன். மாமியார் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போய்த் தாயிடம் விட்டார்.

மச்சான் என்னை வேலி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பையிலிருந்து ஒரு பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து என் கையில் திணித்தார். "பாவம், மாசக்கணக்கா பட்டினி. புடிங்க மாப்ள, யாரு கேக்கப்போறாங்க?"

பற்றவைத்தேன். முதல் இழுப்பில் இருமினேன், தலை கிறுகிறுத்தது. இரண்டாவது இழுப்பு உள்ளே போனது. மூன்றாவதும் போனது. நின்றுகொண்டு காத்திருந்தேன். ஒரே இழுப்பில் அடங்கிவிடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரே, அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். இத்தனை மாதமாக இந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். புகை மூக்கு வழியாக வந்தது. மரத்துக் கிடந்த இடத்தில் மெல்ல உணர்ச்சி திரும்பியது. திரும்பி வந்தது அதே படபடப்புதான். அடங்கவும் இல்லை, குறையவும் இல்லை. மச்சான் ஏதோ கேட்டார். என் காது அங்கே இல்லை. வீட்டுக்குள் குழந்தை அழுதுகொண்டிருந்தது, வந்ததிலிருந்து நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழுகை சட்டென்று நின்றது.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. பீடியை எங்கே போட்டேன் என்றும் தெரியாது. ஆண்கள் நுழையக்கூடாத அறை, நுழைந்துவிட்டேன். மாமியார் கூடத்தில் இருந்து "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டது பின்னால் கேட்டது.

"ஏன் நிறுத்திடுச்சு?"

"பால் குடிக்குதுங்க" என்றாள் என் மனைவி. பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

நான் குனிந்து குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். சூடாக மூச்சு வந்தது. விரலை எடுக்க முடியவில்லை. இந்த மூச்சு போய் அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது, வந்ததும் அதற்கு அடுத்ததைப் பார்க்கவேண்டியிருந்தது. நான் அப்படியே குனிந்து நிற்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பீடி புடிச்சீங்களா?"

"புடிச்சேன். போவலடி."

"எது போவல?"

"பயம்தான். எல்லாரும் பீடிய விட்டதாலன்னு சொன்னாங்க, டாக்டரும் சொன்னான். ஒண்ணு இழுத்தா பூடும்னாங்க. இழுத்துட்டுத்தான் வரேன், போவல. அப்டியே இருக்குது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

"எனக்கு மூணு வருஷமா இப்டித்தான் இருக்குது. நான் இன்னா பீடியா புடிச்சேன்?" என்றாள்.

சொல்லிவிட்டு, குழந்தையை மெதுவாக எடுத்து மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.